உயரம் குறையக் குறைய

முதல் தட்டு எப்போது கேட்டது என்பதை மாதேஸ்வரியால் இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. சித்திரை பிறந்து இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை என்றுதான் நினைவு. ஆனால் அந்த நினைவில் ஒரு சமயம் ஜன்னலுக்கு வெளியே தைல மரங்கள் அசைகின்றன, இன்னொரு சமயம் ஓர் இலைகூட அசைவதில்லை. அதற்குப் பல நாள் முன்பே கேட்டுவிட்டு, கேட்காததுபோல இருந்துவிட்டோமோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் உண்டு. வானத்தில் பொட்டு மேகம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த வெயிலில் மின்னல் மணி அடித்தது.

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் சாலையில், கல்குவாரியைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் பெயிண்ட் கம்பெனி அது. தின்னர் ஏற்றி வரும் டேங்கர்கள் அங்கே காலையிலிருந்து வரிசையில் நிற்கும். முப்பது கிலோமீட்டருக்குள் எங்கே மின்னல் விழுந்தாலும் இறக்குவதை நிறுத்திவிட்டு எல்லோரும் ஷெட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது சட்டம். அதற்காக மதிலோரம் ஒரு கம்பம். கம்பத்தின் தலையில் முழ நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய். குழாய்க்குள் தீப்பெட்டி அளவில் ஒரு செப்புத் தகடு. பார்த்தால் ஆன்டெனா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கோ விழும் ஒவ்வொரு மின்னலும் தாழ்ந்த அலைவரிசையில் ஒரு வெடிப்புச் சத்தத்தை எழுப்பும். அதை இந்தத் தகடு கேட்டு, எத்தனை கிலோமீட்டர் என்று கண்ட்ரோல் ரூம் திரையில் எழுதும். அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்வது இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனான மாதேஸ்வரியின் பொறுப்பு.

திரையில் தூரம் பூஜ்யம் என்று இருந்தது.

"மேடம், நம்ம தலமேலயே விழுந்துடுச்சாம்," என்றான் ஷிப்ட் இன்சார்ஜ் ஹரீஷ்குமார், நாற்காலியில் சாய்ந்தபடி. "நீங்களும் நானும் செத்துட்டோம். டீ சாப்டலாமா?"

அவள் சிரித்தாள். மணியை நிறுத்தினாள். அடுத்த நாள் பகல் பன்னிரண்டுக்கு மறுபடியும் அடித்தது. பூஜ்யம். வெள்ளிக்கிழமை இரண்டு முறை. டேங்கர் டிரைவர்கள் கன்னடத்தில் திட்டுவது ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

கருவியை விற்ற கம்பெனியின் பெங்களூர் ஆள் சுபாஷுக்கு அவள் போன் போட்டாள். நல்ல பையன், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பான்.

"கம்பம் எத்தன அடி மேடம்?"

"பத்து."

"அதான். இந்த ஆன்டெனாவுக்கு உயரம்தான் எல்லாமே. மேல இருக்கற தகடு, கீழ இருக்கற மண்ணு, இதுக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தத்தான் அது கேக்குது. ரெண்டு மடங்கு ஏத்துனா சத்தம் ரெண்டு மடங்கு. தரையில வச்சுட்டீங்கன்னா வித்தியாசமே இல்ல, ஊமை. இப்ப உங்க ஆன்டெனா தாழ இருக்கு. அதனால நெஜ மின்னல் சன்னமா வருது, எர்த் ஒயர்ல வர்ற குப்பை பெருசாத் தெரியுது. ஏத்திப் பாருங்க."

"குப்பையும் சேந்து ஏறாதா?"

"மண்ணுக்கு மேல இருந்து வர்றது எதுவா இருந்தாலும் உயரத்தோட சேந்து ஏறும் மேடம். ஒயர் வழியா வர்ற குப்பை அப்படியே நிக்கும். ஏறவும் செய்யாது, எறங்கவும் செய்யாது."

பைப் ஃபிட்டர் முனீஸ்வரனைக் கூப்பிட்டாள். ஐம்பது வயதுக்காரர், கம்பெனி கட்டும்போதே கூலிக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். இரண்டு பத்தடி பைப்பைச் சேர்த்துக் கம்பத்தை முப்பது அடியாக்கினார்கள். மதிலோரம் அந்த இடத்தில் மட்டும் சிமென்ட் தளம் கிடையாது. செம்மண், கட்டட இடிபாட்டுக் கற்கள், அவற்றின் நடுவே முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய போர்வெல் பைப். கம்பத்தை அதற்குள்தான் நட்டிருந்தார்கள். எர்த் ஒயரையும் அதிலேயே கட்டியிருந்தார்கள். மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும் இரும்பு, இதைவிட நல்ல எர்த் கிடைக்குமா என்று நட்டவன் நினைத்திருப்பான்.

மணி நின்றது. மேனேஜர் கண்ட்ரோல் ரூமுக்கே வந்து 'குட்' என்று சொல்லிவிட்டுப் போனார். மே மாதம் புதுப்பிக்க வேண்டிய அவளுடைய கான்ட்ராக்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்.

அத்தோடு விட்டிருக்கலாம். கம்பத்தின் அடியில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டியில் ஹெட்போன் செருக ஒரு துளை உண்டு. வேலை முடிந்தால் ஒருமுறை செருகிக் கேட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று வெயில் தாழ்ந்த நேரம், ரோஜாப் பண்ணைகளிலிருந்து வரும் மருந்து நெடியும் தின்னரின் இனிப்பு வாசனையும் கலந்து காற்றில் நிற்க, சூடு குறையாத பெட்டியின் அருகே குந்தி உட்கார்ந்து கேட்டாள். காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல மின்னல்கள். வங்காள விரிகுடாவில் விழுந்தது, கேரளத்து மலைகளில் விழுந்தது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. முப்பது அடி உயரத்தில் அவை நெருங்கி அடர்த்தியாகக் கேட்டன.

அவற்றுக்கு அடியில், பாத்திரத்தின் அடியில் கிடக்கும் கல்போல, வேறு ஏதோ ஒன்று.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

கடுகு வெடிப்பதில் ஒழுங்கு இருக்காது. இதில் இருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றினாள். எதிரே மதில், மதில்மேல் ஓர் ஓணான். மறுபடி மாட்டினாள்.

மூன்று தட்டு.

மாதேஸ்வரிக்குத் தம்பி ஒருவன் இருந்தான், பிரேம்குமார். சைடு போர் போடும் குழுவில் வேலை. வற்றிய கிணற்றுக்குள் சின்ன மெஷினோடு இறங்கி, சுவரில் பக்கவாட்டாகத் துளைபோட்டுத் தண்ணீர் தேடும் வேலை அது. மெஷின் ஓடும்போது கத்தினால் மேலே கேட்காது. அதனால் கீழே இருப்பவன் ஸ்பேனரால் இரும்பு பைப்பில் தட்டுவான். ஒரு தட்டு, நிறுத்து. இரண்டு தட்டு, இறக்கு. மூன்று தட்டு, தூக்கு. மேலே கயிற்றடியில் நிற்பவன் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தட்ட வேண்டும்.

"திருப்பித் தட்டலன்னா கீழ இருக்கறவனுக்கு உசுரே போயிடும்க்கா," என்பான். "தட்டிட்டா அவ்ளோதான், கயிறு மேல வந்தே ஆகணும். நடுவுல நிறுத்தவே கூடாது. அது வாக்கு."

வேலை முடிந்து வீடு வரும்போது கேட்டின் குழாயில் மூன்று தட்டுவான். உள்ளேயிருந்து அவளோ அம்மாவோ எதையாவது எடுத்து மூன்று தட்டினால்தான் செருப்பைக் கழற்றுவான். அம்மா சாந்தம்மா பெரும்பாலும் கரண்டியால் தட்டுவாள். "வந்துட்டாரு தொர, தூக்கி விடுங்க," என்பாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு சித்திரை மாதம், கெலமங்கலம் பக்கம் எங்கோ வேலை என்று போனவன் வரவில்லை. மத்தியானமே வேலையை விட்டுவிட்டுப் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான் என்றார் கான்ட்ராக்டர். எந்த இடம், யாருடைய கிணறு என்றதற்கு ஆளுக்கொரு ஊரைச் சொன்னார்கள். போலீஸில் எழுதிக்கொடுத்த தாள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சாந்தம்மா மட்டும் அவனுடைய போன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்வாள். "நம்பர் செத்துடக் கூடாது. எங்கிருந்து கூப்புடுவானோ." சுவிட்ச் ஆஃப் என்று சொல்லும் அந்தக் குரலை வாரம் ஒருமுறை ஸ்பீக்கரில் போட்டு முழுவதும் கேட்பாள்.

அன்று சாயங்காலம் மாதேஸ்வரி அம்மாவோடு சாப்பிட உட்கார்ந்தாள். தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டிய சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"என்னாத்துக்குடி இப்டி பயப்படற?"

"ஒண்ணுமில்லம்மா. கம்பெனில வெயிலு."

மறுநாள் காலை அவளே முனீஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கம்பத்த எறக்கணும்."

"நேத்துதான ஏத்துனோம்? எறக்குனா மறுபடியும் மணி அடிக்கும், மேனேஜரு உன்னத் தூக்கிடுவாரு பாப்பா."

"சும்மா ஒரு சோதனைங்ணா."

மனதுக்குள் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. குப்பை என்றால், கம்பம் இறங்க இறங்க மின்னல் தேயும், தட்டு அப்படியே நிற்கும். அப்படி நின்றுவிட்டால் போதும். எங்கோ ஒரு மோட்டார், எங்கோ ஒரு ரிலே. தம்பி பெங்களூரில் இருப்பான். யாரையாவது கட்டிக்கொண்டிருப்பான். வீட்டுக்குச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பான்.

முதல் பைப்பைக் கழற்றினார்கள். இருபது அடி. கடுகுச் சத்தம் தணிந்தது. தட்டு கொஞ்சம் தெளிவானது. பின்சத்தம் குறைந்ததால் அப்படித் தோன்றுகிறது என்று சொல்லிக்கொண்டாள். பெட்டியில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள். தட்டு விழும்போதெல்லாம் முள் நேற்றைவிடத் தள்ளிப் போய் நின்றது.

பத்து அடி. முள் இன்னும் தள்ளிப் போனது. தட்டு தேயவும் இல்லை, அப்படியே நிற்கவும் இல்லை, மண்ணை நெருங்க நெருங்கக் கூடியது.

கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஹரீஷ்குமார் ஜன்னலிலிருந்து கையை விரித்துக் காட்டினான்.

"அண்ணா," என்றாள், "இந்த பைப்பு எங்க போவுது?"

"எது, இந்தப் போரா?" முனீஸ்வரன் நெற்றியைத் துடைத்தார். "இங்க கெணறு இருந்துச்சு பாப்பா. எழுபது அடி. எங்க ஊர்க்காரரு நெலம். கெணத்துக்குள்ள போட்ட போர் இது. கம்பெனி வாங்குனதும் தண்ணி வருதா பாக்கலாம்னு ஆளுங்கள எறக்கிப் பாத்தாங்க. வரல. ஜேசிபி வச்சு மூடிட்டோம்."

"எப்போ?"

"நாலு வருஷம் இருக்கும். இதே சித்திரை. செம மழை அன்னிக்கு, இடி. எல்லாரும் ஷெட்டுக்கு ஓடிட்டோம். ஜேசிபிக்காரன் மட்டும் கேபின்ல உக்காந்து தள்ளிட்டு..."

அவர் பேச்சை அங்கேயே விட்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டாரோ என்னவோ.

மாதேஸ்வரி ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். விளையாட்டுபோல வாங்கி ஒரு காதில் வைத்தார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே மறந்துபோய் நின்றது. பிறகு இரண்டு கையாலும் இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டேங்கர் ஒன்று ரிவர்ஸ் எடுத்துப் போய், இன்னொன்று வந்து நின்றது.

ஹெட்போனைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தம் வராமல், தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல மண்ணில் வைத்தார். எழுந்தார். டிபன் பாக்ஸை எடுக்கவில்லை, சட்டையை மாட்டவில்லை. பனியனோடு கேட்டைத் தாண்டிச் சாலையில் நடந்து போனார். செக்யூரிட்டி கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

ஸ்பேனர் கிடந்தது.

மூன்று மணிக்கு மேற்கே தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் வானம் கறுத்தது. இந்த முறை மணி பொய் சொல்லவில்லை. இருபத்தெட்டு கிலோமீட்டர், இருபத்தொன்று, பதினாறு. டேங்கர் குழாய்கள் கழற்றப்பட்டன. எல்லோரும் ஷெட்டுக்குள் போனார்கள். முற்றம் காலியானது. மாதேஸ்வரி மட்டும் மதிலோரம் நடந்தாள். உள்ளே வரச் சொல்லி ஹரீஷ்குமார் கத்தியது காற்றில் கிழிந்து வந்தது. மழைக்கு முன்பு எழும் மண் வாசனை. செம்மண் தூசி பல்லில் நறநறத்தது. தைல மரங்கள் வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

மிச்சமிருந்த ஒற்றைப் பைப்பைப் போருக்குள்ளிருந்து உருவி, அதன் தலையில் இருந்த ஆன்டெனாவைக் கழற்றினாள். எர்த் ஒயர் மட்டும் போரிலேயே இருந்தது. ஹெட்போனை மாட்டினாள். ஆன்டெனாவைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். இடுப்பு. முழங்கால்.

தரையில் வைத்தாள்.

கடுகு நின்றது. அவ்வளவு பக்கத்தில் இடி விழுந்துகொண்டிருந்தும் ஒரு வெடிப்புகூட இல்லை. சுபாஷ் சொன்னது சரி. ஊமை.

அந்த ஊமைக்குள் கல் உரசியது.

யாரோ ஒருக்களித்துப் படுக்க இடம் தேடுவதுபோல.

பிறகு தட்டு. காதுக்குள் அல்ல, அடுத்த அறையிலிருந்து வருவதுபோல. மூன்று. பொறுமையான மூன்று. நாலு வருஷம் தட்டியவனுக்கு இருக்கும் பொறுமை.

அவள் பைப்பின்மேல் கை வைத்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளங்கையில் அதிர்ந்தது.

"பிரேமு," என்றாள்.

தட்டு நின்றது.

மேலே இருப்பவர் பதில் சொல்லக் காத்திருக்கும் நிசப்தம் அது. அந்த நிசப்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. அதுதான் நடந்தது, வேறொன்றுமில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். ஸ்பேனரை எடுத்தாள். போர் பைப்பில் தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

முதல் மழைத்துளி கையில் விழுந்தது. கீழே கற்கள் சரிந்தன. பிறகு ஒன்றுமில்லை. உள்ளங்கைக்கு அடியில் இரும்பு சில்லிட்டுக்கொண்டே வந்தது. முடிந்தது என்று நினைத்தாள். போய்விட்டான், இவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

முழங்கால் உயரத்தில் மெல்லிய தட்டு.

இடுப்பு உயரத்தில் அதைவிடப் பலமாக.

தோள்.

தலைக்கு மேல்.

ஏற ஏறக் கூடியது. மற்ற எல்லாச் சத்தமும் கூடுவதுபோல, ஒழுங்காக, இரண்டு மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு. மண்ணுக்கு மேல இருந்து வர்றது எதுவா இருந்தாலும், என்று சுபாஷ் சொன்னது நினைவுக்கு வந்தது.

போரில் அதிர்வு இல்லை. கீழே யாரும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் ஈர மண்ணில் ஓர் அடி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெட்போன் காதிலிருந்து தெறித்து விழ, ஷெட் வரைக்கும் ஓடினாள்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லிவிடலாம். முனீஸ்வரன் வேலைக்குத் திரும்பவில்லை. திருப்பூரில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு காதில் பஞ்சு வைத்தே இருக்கிறாராம். ஹரீஷ்குமார் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். சுபாஷ் அனுப்பிய ரிப்போர்ட்டில் எர்த் பழுது என்று எழுதியிருந்தது. கம்பத்தை எடுத்துவிட்டு, போரின் வாயில் சிமென்ட் ஊற்றி மூடிவிட்டார்கள். மாதேஸ்வரியின் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. ஒருநாள் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனாள். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் காட்ட ஒரு சத்தம்கூட மிச்சமில்லை என்று உணர்ந்து திரும்பிவிட்டாள்.

கெலமங்கலத்தில் தரையோடு தரையாக இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓசூரில் இரண்டாவது மாடிக்குக் குடிவந்தாள். மாடிதான் வேண்டும் என்று புரோக்கரிடம் பிடிவாதமாக நின்றாள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தரைவரைக்கும் ஓர் இரும்புத் தண்ணீர்க் குழாய் சுவரோரமாக இறங்குகிறது. முதல் வாரம் குழாயின் அடியில், தெருவோடு, செம்மண் அப்பியிருந்தது. ஐந்து விரல். தெருப் பிள்ளைகள் என்று நினைத்துக் கழுவிவிட்டாள். மூன்றாவது வாரம் அதே ஐந்து விரல், முதல் மாடிக்கு நேரே குழாயைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையில் இருந்தது. அங்கே பிள்ளைகளுக்குக் கை எட்டாது.

இந்த மாதம் ரீசார்ஜ் தேதி வந்தபோது, "வேண்டாம் விடு," என்றாள் சாந்தம்மா.

"ஏம்மா?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. நாலு வருஷத்தில் மாதேஸ்வரி பார்த்திராத தெளிவு.

நேற்று விளக்கு வைக்கும் நேரம் மாதேஸ்வரி கடையிலிருந்து திரும்பிப் படியேறினாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆணியில் கரண்டி இல்லை. பால்கனியில் சாந்தம்மா கம்பிமேல் வயிறு அழுந்தக் குனிந்து, குழாயை ஒட்டிக் கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை கரண்டியால் குழாயில் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இன்னொரு கையை, ஏறி வருபவனுக்கு நீட்டுவதுபோலக் கீழே நீட்டியிருந்தாள்.

அந்தக் கை மணிக்கட்டு வரைக்கும் சிவப்பாக, ஈர மண்ணாக இருந்தது.